ஒரு பிசின்மணி நிறம் மாறிவிட்டது. அதில் இருக்கும் சேர்வை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நோர்வூட்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரசாயனவியல் சிறப்புப் பட்டம், கடைசி வருடம். வருகிற வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் செமினார் கொடுக்க வேண்டும். நல்ல தலைப்புகளை எல்லாம் முன்வரிசைக்காரர்கள் அள்ளிக்கொண்டு போன பிறகு எனக்கு மிஞ்சியது இது: திண்மத் தாங்கியில் (அதாவது பிசின்மணியில்) செய்யும் சேர்வை நூலகங்களும் (ஒரே தடவையில் செய்யும் ஏராளமான சேர்வைகளின் தொகுப்பு), அவற்றில் வேலை செய்கிற சேர்வையை அடையாளம் காண்பதும்.

முதல் பாதி புரிகிறது. 1963இல் மெரிஃபீல்ட் பொலிஸ்டைரீன் மணியின் மேல் பெப்டைட்டை, அதாவது அமினோ அமிலச் சங்கிலியை, கட்டிக் காட்டினார். கட்டிய பிறகு மணியைக் கழுவினால் வேண்டாதது எல்லாம் ஓடிவிடும், ஒட்டியது மட்டும் நிற்கும். 1984இல் நோபல் பரிசு. அப்புறம் ஹங்கேரியில் ஃபூர்க்கா ஒரு வேலை செய்தார். மணிகளை மூன்று பாத்திரங்களில் பிரி. ஒவ்வொன்றிலும் வேறு வேறு அமினோ அமிலம் சேர். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கு. மறுபடி மூன்றாகப் பிரி. மூன்று சுற்றில் 27 விதம். 20 அமினோ அமிலம், ஐந்து சுற்று என்றால் 32 இலட்சம். ஒரு மணி ஒரு சுற்றில் ஒரு பாத்திரத்தில்தான் இருக்க முடியும் என்பதால் ஒரு மணியில் ஒரே விதச் சேர்வைதான் இருக்கும். சரி.

1991இல் அரிசோனாவில் கிட் லாம் குழுவினர் சிஸ்டீனை விட்டுவிட்டு 19 அமினோ அமிலங்களை வைத்து ஐந்து சுற்று ஓட்டினார்கள். ஏறக்குறைய 25 இலட்சம் விதம். அந்த மணிகளை, நிறம் தரும் நொதி ஒன்றைப் பூட்டிய ஸ்ட்ரெப்டவிடின் புரதத்தோடு கலந்தபோது புரதம் ஒட்டிய மணிகள் மட்டும் நீலப்பச்சையாக மாறின. நுண்ணோக்கியில் பார்த்து இடுக்கியால் பொறுக்கி எடுத்தார்கள்.

என் மண்டை நின்றுபோனது இங்கேதான். கையில் ஒரு மணி இருக்கிறது. அது ஐந்து பாத்திரம் ஏறி இறங்கி வந்திருக்கிறது. எந்தெந்தப் பாத்திரம் என்று யாரும் பார்க்கவில்லை. விரிவுரையாளரிடம் கேட்டேன். "திணிவு நிறமாலையில் போட்டால் தெரியும்" என்று, மூலக்கூற்றின் நிறையை அளக்கும் கருவியைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தெரியுமா?

அம்மாவிடமும் கேட்டேன், சும்மாதான். அம்மா 22 வருடம் கொழுந்து எடுத்தவர். "எல்லாக் கொழுந்தையும் ஒன்னாக் கொட்டின பொறகு யாரோடதுன்னு எப்படிடா கண்டுபிடிப்ப? அதுக்குத்தானே கொட்டுறதுக்கு முந்தியே நிறுத்து, பேர்ல எழுதிக்கிறாங்க" என்றார். அதைக் கேட்ட பிறகு குழப்பம் கூடிவிட்டது. யாராவது கைகொடுங்கள்.


பழைய மாஸ்டர், ஹட்டன் எழுதியது:

தம்பி, ஏ.எல் பிள்ளைகளுக்கு முப்பது வருடம் படிப்பித்தவன் நான். இந்த விஷயத்தை ஓய்வு பெற்ற பிறகுதான் வாசித்தேன், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

தனி மணியை நோண்டவே தேவையில்லாத வழி ஒன்று இருக்கிறது. அதே 1991இல் ஹவ்டன் என்ற ஆய்வாளர் செய்தது. அவர் ஆறு அமினோ அமிலம் கொண்ட பெப்டைட்களை எடுத்துக்கொண்டு, முதல் இரண்டு இடங்களை மட்டும் தெரிந்ததாக வைத்தார். மற்ற நான்கு இடங்களில் கலவை. 18 அமினோ அமிலம் என்பதால் 18ஐ 18ஆல் பெருக்க 324 கலவைகள். ஒவ்வொரு கலவையிலும் 104,976 பெப்டைட். மணியிலிருந்து வெட்டி எடுத்து, கரைசலாகவே சோதித்தார். எந்தக் கலவை நன்றாக வேலை செய்கிறதோ அதை எடுத்து, மூன்றாம் இடத்தை 18 விதமாக மாற்றி மறுபடி செய்வது. பிறகு நான்காம் இடம், ஐந்து, ஆறு. 324ஓடு நாலு பதினெட்டு 72ஐக் கூட்டினால் 396 சோதனை. 3 கோடியே 40 இலட்சம் பெப்டைட்டிலிருந்து ஒன்றுக்கு வந்துவிடலாம். கணக்கு எவ்வளவு அழகு பாரும்.

நிறமாலையில் போட்டால் தெரியும் என்று உமது விரிவுரையாளர் சொன்னதிலும் பிழை இல்லை என்றே நினைக்கிறேன். மூலக்கூற்றுத் திணிவு தெரிந்தால் எது என்று சொல்லிவிடலாம்தானே?


மலைமழை எழுதியது:

சேர், கணக்கு அழகுதான். கடைசி வரியில் மட்டும் உங்களோடு சண்டை பிடிக்கப் போகிறேன், மன்னிக்கவும்.

நான் மஸ்கெலியாப் பக்கம் லயத்தில் பிறந்தவள். வெளிநாட்டில் ஒரு பெப்டைட் ஆய்வுகூடத்தில் எட்டு வருடம் கையுறையோடு காலம் தள்ளிவிட்டு இப்போது நுவரெலியாவில் இருக்கிறேன். இந்த மணிகளை ஆயிரக்கணக்கில் பொறுக்கியிருக்கிறேன். கண் போனது அதில்தான்.

தம்பி, முதலில் மணியின் அளவை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 90 மைக்ரோமீட்டர் மணி என்பது தலைமுடித் தடிப்பு. ஒரு கிராமில் ஏறக்குறைய 29 இலட்சம் மணிகள். ஒரு மணியில் இருக்கும் சேர்வை சுமார் 100 பிகோமோல். ஐந்து அமினோ அமிலப் பெப்டைட் என்றால் 60 நானோகிராம் அளவு. இதை வைத்துக்கொண்டு சாதாரண என்.எம்.ஆர் (காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூற்றின் அமைப்பைப் பார்ப்பது) எடுக்கலாம் என்ற ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள்.

திணிவு நிறமாலைக்கு அந்த அளவு தாராளம். ஆனால் அது என்ன சொல்லும்? நிறையை மட்டும் சொல்லும். டைரோசின், கிளைசின், கிளைசின், பினைல்அலனின், லியூசின் என்ற வரிசையை எடுங்கள். திணிவு 555. அதே ஐந்தையும் இடம் மாற்றி மாற்றி அடுக்கினால் 60 வரிசை வரும், அறுபதுக்கும் 555தான். லியூசினும் ஐசோலியூசினும் ஒரே நிறை என்பதால் அதையும் சேர்த்தால் 120. இதோடு விடாது. கிளைசின் இரண்டு சேர்ந்தால் 114, அஸ்பரஜீன் ஒன்றும் 114. தராசில் 18 கிலோ என்று முள் நிற்கிறது, சாக்குக்குள் எந்த மலையின் கொழுந்து என்று முள்ளுக்குத் தெரியுமா? உங்கள் விரிவுரையாளர் சொன்னது பாதி உண்மை, அவ்வளவுதான். மூலக்கூற்றைக் கருவிக்குள் உடைத்து, துண்டுகளின் நிறையைப் பார்த்து வரிசையை ஊகிக்கலாம். ஆனாலும் லியூசினா ஐசோலியூசினா என்பது தொக்கி நிற்கும்.

லாம் குழு என்ன செய்தது? மணியை அப்படியே எட்மன் கருவிக்குள் போட்டது. 1950இல் எட்மன் என்பவர் கண்டுபிடித்த வினை அது. பெப்டைட்டின் ஒரு நுனியிலிருந்து அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கழன்றது எது என்று பார்ப்பது. மாலையிலிருந்து பூவை ஒவ்வொன்றாக உருவுவது மாதிரி. வரிசை நேராக வந்துவிடும். லியூசின் வேறு, ஐசோலியூசின் வேறு என்றும் தெரியும். ஆனால் ஒரு சுற்றுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், ஒரு நாளில் மூன்று நான்கு மணிகளுக்கு மேல் போகாது. நுனியில் இருக்கும் அமீன் சும்மா இருக்க வேண்டும், அதை அசிட்டைல் போட்டு மூடியிருந்தால் வேலை நடக்காது. எல்லாவற்றையும் விட, பெப்டைட் இல்லாத ஒரு மூலக்கூற்றுக்கு இதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. மருந்துக்காரர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த மாதிரி மூலக்கூறுகள்தான்.

ஆகவே அம்மா சொன்ன இடத்துக்கே திரும்பி வருகிறோம். கொட்டுவதற்கு முந்தியே எழுதிக்கொள்ள வேண்டும்.

மணியைக் கொழுந்து என்று நினைத்ததால்தான் உங்களுக்குக் குழம்பியது. மணி கொழுந்து இல்லை, சாக்கு. எத்தனை தரம் கலக்கினாலும் சாக்கு கிழியாது. ஒவ்வொரு மலையிலும் அந்தச் சாக்குக்குள் ஒரு துண்டை எழுதிப் போட்டால், கடைசியில் பிரித்து வாசித்துக்கொள்ளலாம். கேள்வி இரண்டுதான். துண்டை எதில் எழுதுவது, அது கடைசிவரை அழியாமல் இருக்குமா?

அழிகிற கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹவ்டன் 1985இல் வேறொரு முறையும் கொண்டுவந்தார், பெயரே டீ பேக் முறை. பொலிப்ரொப்பிலீன் வலையில் சின்னச் சின்னப் பை தைத்து, உள்ளே மணிகளைப் போட்டு, பைக்கு இலக்கம் கொடுப்பது. கழுவும்போது எல்லாப் பைகளையும் ஒன்றாகக் கழுவலாம், சேர்க்கும்போது பிரித்துக்கொள்ளலாம். இந்த முறையில் 248 பெப்டைட்களை நான்கு வாரத்துக்குள் செய்தார். லயத்தில் வளர்ந்த எனக்கு டீ பேக் என்பதே ஆய்வுகூடத்தில்தான் நன்றாகப் பழக்கமானது. நமக்கு டஸ்ட் தூளும் சாயத்தண்ணியும்தானே. சரி, கதை இதுதான். அங்கே சேர்ந்த முதல் மாதம் 40 பைகளுக்கு மார்க்கர் பேனாவால் இலக்கம் எழுதினேன். அழகான எழுத்து. அப்புறம் டைகுளோரோமெதேனில் போட்டுக் குலுக்கினேன். கரைப்பான் ஊதா நிறமாகியது. பைகள் வெள்ளை வெளேரென்று சிரித்தன. 40 பையும் குப்பைக்கு. பக்கத்து மேசைக்காரர் ஒன்றும் பேசாமல் கத்தரிக்கோலை நீட்டினார். அன்றிலிருந்து பை ஓரத்தில் வெட்டு போடுவேன், ஆட்டுக் காதில் போடுவது போல. இடது ஓரத்து வெட்டு பத்து, வலது ஓரத்து வெட்டு ஒன்று. எந்தக் கரைப்பானும் வெட்டைக் கரைக்காது.

பைக்கு இலக்கம் போடலாம், தலைமுடித் தடிப்பு மணிக்கு? 1993இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்டில் குழு செய்ததை உங்கள் செமினாரின் நடுவில் வையுங்கள். ஏழு அமினோ அமிலம், ஆறு சுற்று. 117,649 விதம். ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று குறி மூலக்கூறுகள், மொத்தம் 18. குறிகள் குளோரின், புளோரின் போன்ற ஹாலஜன்கள் ஏறிய சின்ன மூலக்கூறுகள். வினைகளில் ஈடுபடாத சாதுக்கள். மணியிலுள்ள இடங்களில் மிகச் சிறு பங்கில் மட்டும் இவை உட்காரும், மற்றதெல்லாம் பெப்டைட்டுக்கு.

ஒரு சுற்றை மட்டும் கிட்டப் பார்க்கலாம். மூன்று குறிகளுக்கு அ, ஆ, இ என்று பெயர் வைப்போம். அ என்றால் 4, ஆ என்றால் 2, இ என்றால் 1. ஐந்தாம் பாத்திரத்துக்குப் போகும் மணிகளுக்கு அவும் இயும் ஒட்டுகிறோம். மூன்றாம் பாத்திரத்துக்கு ஆவும் இயும். ஏழாம் பாத்திரத்துக்கு மூன்றும். பூச்சியத்தைப் பயன்படுத்துவதில்லை, ஏனென்றால் குறி ஒட்டாமல் போன மணியும் பூச்சிய மணியும் பார்வைக்கு ஒன்றாகிவிடும். அடுத்த சுற்றுக்கு வேறு மூன்று குறி. கடைசியில் நிறம் மாறிய மணி ஒன்றைக் கண்ணாடிக் குழலுக்குள் விட்டு, ஒளி பாய்ச்சிக் குறிகளைக் கழற்றி, கலவையைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்புக் கருவிக்குள் செலுத்துவார்கள். ஹாலஜன் ஏறியவை என்பதால் இலத்திரன் கவரும் உணரி அவற்றை மிக நுண்ணிய அளவிலும் பிடித்துவிடும். தாளில் 18 இடங்கள். முகடு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. மூன்று மூன்றாகப் பிரித்து வாசித்தால் அந்த மணி ஏறி இறங்கிய ஆறு பாத்திரமும் வரிசையாக வரும். பெப்டைட்டை யாரும் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பெப்டைட் இல்லாத மூலக்கூற்றுக்கும் இது அப்படியே பொருந்தும்.

எனக்குப் பிடித்தது இதைவிட மலிவான ஏணி முறை. ஒவ்வொரு சுற்றிலும் சிறு பங்கு சங்கிலிகளை வேண்டுமென்றே மூடி, மேலே வளராமல் நிறுத்திவிடுவது. முன் சொன்ன அதே பெப்டைட் என்றால் ஒரு மணியில் லியூசினோடு நின்ற துண்டு, பினைல்அலனின் வரை வந்த துண்டு, இப்படி ஐந்து நீளத்திலும் இருக்கும். பெப்டைட் பின்னாலிருந்து முன்னுக்குக் கட்டப்படுவதால் லியூசின்தான் முதல் படி. இப்போது திணிவு நிறமாலையில் பக்கத்துப் பக்கத்து முகடுகளின் வித்தியாசத்தைப் பாருங்கள்: 147, 57, 57, 163. பினைல்அலனின், கிளைசின், கிளைசின், டைரோசின். வரிசை வந்துவிட்டது. ஐசோலியூசினுக்கு மட்டும் வேறு நிறையுள்ள மூடியைப் போடலாம், அல்லது நூலகத்திலிருந்தே அதை விட்டுவிடலாம். நாங்கள் விட்டுவிட்டோம்.

ஹட்டன் சேர் சொன்ன முறைக்கு ஒரு குறை. கலவையின் வீரியம் அதிலுள்ள எல்லோருடைய கூட்டுத்தொகை. பஜனையில் பத்துப் பேர் முணுமுணுத்தாலும் ஒருத்தர் உரக்கப் பாடினாலும் வெளியே நிற்பவருக்கு ஒரே சத்தம். சில நேரம் பத்து முணுமுணுப்புக்காரர்களைத் துரத்திக்கொண்டு போய், கடைசியில் ஒருத்தரும் சரியாகப் பாடுகிறவர் இல்லை என்று தெரியவரும். ஒவ்வொரு படிக்கும் மறுபடி தயாரிக்க வேண்டும் என்பது வேறு.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லாமல் செமினாரை முடிக்காதீர்கள். நிறம் மாறிய மணி எல்லாம் நல்ல மணி இல்லை. நிறத்தைக் கொண்டுவரும் நொதியே நேராக மணியில் ஒட்டிக்கொள்ளும். அதனால் முதலில் நொதியை மட்டும் விட்டு, நிறம் வந்தவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு, பிறகு புரதத்தோடு சேர்க்க வேண்டும். சில வேளை குறி மூலக்கூறே புரதத்தைப் பிடித்துவிடும். வாசித்த பெயரை வைத்து அந்தச் சேர்வையைத் தனியாக, மணியோ குறியோ இல்லாமல், புதிதாகச் செய்து சோதித்தால்தான் கண்டுபிடித்தோம் என்று சொல்லலாம். ஒரு தடவை நான் பொறுக்கிய 12 மணிகளில் இந்தக் கடைசிச் சோதனையில் தேறியது மூன்று. வருத்தமாக இருக்கும், பழகிவிடும்.


கண்டி இரவுப்பறவை எழுதியது:

அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், ஒன்று மட்டும் சேர்க்கிறேன். துண்டை டி.என்.ஏவில் எழுதலாம் என்று 1992இல் பிரென்னரும் லெர்னரும் யோசனை சொன்னார்கள். ஒவ்வொரு சுற்றிலும் சேர்வைக்கு ஒரு கண்ணி, டி.என்.ஏவுக்கு ஒரு துண்டு எழுத்து. இதில் வசதி என்னவென்றால் பி.சி.ஆர் வைத்து எழுத்தைப் பெருக்கிக்கொள்ளலாம், குறி எவ்வளவு சொற்பமாக இருந்தாலும் வாசிக்க முடியும். இன்று பெரிய மருந்து நிறுவனங்கள் பயன்படுத்துவது இதன் பிள்ளைகளைத்தான், பெரும்பாலும் மணியையே விட்டுவிட்டு நேராகக் கரைசலில். கஷ்டம் என்னவென்றால் டி.என்.ஏ நோஞ்சான். கடும் அமிலம் பட்டால் பியூரின்கள் என்ற எழுத்துகள் கழன்று, எழுதியது அழிந்துவிடும். ஆகவே டி.என்.ஏ தாங்குகிற வினைகளை மட்டும்தான் செய்யலாம். அக்காவின் மார்க்கர் பேனா மாதிரிதான், கரைப்பான் மட்டும் வேறு.


பழைய மாஸ்டர், ஹட்டன் எழுதியது:

மகள், சண்டையில் நீங்கள் வென்றுவிட்டீர்கள். 60 வரிசை என்பதைப் போட்டுப் பார்த்தேன், ஐந்து தொடர்பெருக்கம் 120, கிளைசின் இரண்டு தடவை வருவதால் பாதி. சரிதான். இதை முப்பது வருடம் வரிசைமாற்றம் என்று பக்கத்து வகுப்பில் கணித மாஸ்டர் படிப்பிப்பதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்!

பஜனை உதாரணத்துக்கு ஒரு பதில் மட்டும். ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாகத் தெரிந்ததாக வைத்து ஆறு தொகுதி செய்தால், ஆறு தரம் பதினெட்டு 108 கலவை, மறுபடி தயாரிக்காமலே ஆறு இடத்துக்கும் எது நல்லது என்று ஒரே மூச்சில் தெரியும். முணுமுணுப்புப் பிரச்சினை அதிலும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.


நோர்வூட்காரன் எழுதியது:

அக்கா, சேர், கண்டி அண்ணா, மூன்று பேருக்கும் நன்றி. சாக்கு என்று சொன்ன இடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "சாக்குல துண்டு போட்டா மழையில நனையும், எழுத்து போயிரும்" என்றார். மார்க்கர் பேனாக் கதையை நான் இன்னும் சொல்லவே இல்லை!

நேற்று இரவு மின்சாரம் இல்லாத நேரத்தில் ஒரு வேலை செய்தேன். வீட்டில் தையல் டப்பாவில் கிடந்த பொத்தான் 27 எடுத்தேன். மூன்று சாயத்தண்ணிக் கோப்பை. ஒவ்வொரு பொத்தானிலும் ஒரு வெள்ளை நூல் கட்டித் தொங்கவிட்டேன். முதல் கோப்பையில் விழுந்ததற்கு அந்த நூலில் சிவப்பு நூல் முடிச்சு, இரண்டாவதுக்கு மஞ்சள், மூன்றாவதுக்குப் பச்சை. எல்லாவற்றையும் சுளகில் கொட்டிப் புடைத்துவிட்டு மறுபடி ஒன்பது ஒன்பதாகப் பிரித்தேன். மூன்று சுற்று. தங்கச்சி மெழுகுவர்த்தி பிடித்தாள்.

முடிவில் முடிச்சுகளை வாசித்தால் 27 விதமும் வரும் என்று நினைத்தேன். வந்தது 18தான். சிவப்பு, சிவப்பு, பச்சை மட்டும் மூன்று பொத்தானில். சிவப்பு, மஞ்சள், மஞ்சள் ஒன்றுகூட இல்லை. ஒரு பொத்தானில் முடிச்சு கழன்று இரண்டுதான் மிச்சம் இருந்தது, தங்கச்சி கோப்பைக்குள் தேடி ஒரு பச்சைத் துண்டு நூலை எடுத்துத் தந்தாள், அதனால் தப்பித்தேன். நான் எங்கே பிழை விட்டேன்?


மலைமழை எழுதியது:

பிழை விடவில்லை தம்பி, சரியாகத்தான் வந்திருக்கிறது. குலுக்கிப் பிரிப்பது அதிர்ஷ்டம் சம்பந்தப்பட்டது. எத்தனை விதமோ அத்தனை மணிதான் எடுத்தால் நூற்றுக்கு 37 விதம் உருவாகாமலே போகும். 27இல் பத்து. உங்களுக்கு ஒன்பது போயிருக்கிறது. மூன்று மடங்கு மணி எடுத்தால் விடுபடுவது நூற்றுக்கு ஐந்தாகக் குறையும். அதனால்தான் 25 இலட்சம் விதம் வேண்டும் என்றால் அதைப் போலப் பல மடங்கு மணி போட வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்கு 81 பொத்தான் எடுத்துக்கொண்டு போங்கள். கழன்ற முடிச்சையும் மறைக்காமல் சொல்லுங்கள்.


நோர்வூட்காரன் எழுதியது:

81 பொத்தானா? அப்பாவின் சட்டை எல்லாவற்றையும் பிடுங்கினாலும் 60 தேறாது அக்கா. பக்கத்து லயத்துத் தையல்காரப் பெரியம்மாவிடம் தங்கச்சியை அனுப்பியிருக்கிறேன். இரட்டை முடிச்சு போடப் போகிறேன்.